சங்குத் துண்டு வைத்த சவரக் கத்தி

செல்வின், நீ போனில் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னேன். "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?" என்று நீ எரிச்சல்பட்டது நியாயம்தான். எதற்கும் உடனே பதில் சொல்ல எனக்கு வராது. நேரில் பேசும்போது சொல்ல வந்ததை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவருக்குப் பிடித்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். எழுதினால் அப்படி நழுவ முடியாது என்பதால் எழுதுகிறேன். நீ கேட்டது இதுதான். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல், உன் மாமனாரின் பண்டகசாலை வீட்டு முற்றத்தில் மாப்பிள்ளைச் சவரம் நடக்கும். மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, நாவிதர் வந்து முகம் வழிப்பது அந்த வீட்டு வழக்கம். இந்த முறை வெளியாள் வேண்டாம், மாப்பிள்ளையின் அப்பாவே வழிக்கட்டும், அதுவும் அவர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் ஜெர்மன் கத்தியால் வழிக்கட்டும் என்று பெண்ணின் தாத்தா ஆசைப்படுகிறார். நீ சரி என்று சொல்லியிருக்கிறாய். "ரெண்டே ரெண்டு இழுப்புப்பா. போட்டோவுக்குத்தான். தமாசுக்குக் கேக்காங்க" என்றாய்.

நான் அதைச் செய்வேனா மாட்டேனா என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் அந்தக் கத்தியைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். என் கத்திப் பேச்சு உனக்குச் சலிப்பு என்று தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்தே, நான் ஒரு கத்தியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் நீ எழுந்து போய்விடுவாய். இந்த ஒரு கத்திக்கு மட்டும் எழுந்து போகாதே.

நாம் யார் என்பது பண்டகசாலை வீட்டுக்குத் தெரியும். உன் தாத்தா நாவிதர், தூத்துக்குடியில் வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தவர் என்பதை நீ ஷர்மிளாவிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாய். அதற்காக உன்னை மனதுக்குள் மெச்சினேன், உன்னிடம் சொல்லவில்லை. அவளுடைய அப்பா மாதக்கணக்கில் முகம் கொடுக்கவில்லை என்றும், தாத்தாதான் திடீரென்று ஒருநாள் "நடத்துங்கலே, நல்ல சம்பந்தம்தான்" என்று முடித்துவைத்தார் என்றும் சொன்னாய். எண்பது தாண்டிய பெரியவர் இவ்வளவு பரந்த மனதோடு இருக்கிறாரே என்று நீ வியந்தாய். நானும் வியந்தேன். நிச்சயதார்த்தத்தன்று அந்த ஹாலுக்குள் நுழையும்போதுகூட வியந்துகொண்டேதான் இருந்தேன். உப்பளமும் தோணிகளும் வைத்திருந்த குடும்பத்தின் படங்கள் சுவர் முழுக்க மாட்டியிருந்தன. என்னை நல்ல நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள்.

சாப்பாடு முடிந்து தாம்பூலம் வந்த பிறகு நடந்ததை நீ வேறு மாதிரி நினைவில் வைத்திருப்பாய். நான் வைத்திருப்பது இது. பெரியவர் கைத்தடியை மடியில் போட்டுக்கொண்டு, "சம்பந்தி கஸ்டம்ஸ்ல இருந்தீராம்லா? எந்தச் சாமானப் பாத்தாலும் எந்த நாடு, எந்தக் காலம்னு சொல்லிருவீராமே?" என்றார். நான் பதில் சொல்லத் தொண்டையைச் சரிசெய்வதற்குள் நீ முந்திக்கொண்டாய். "சவரக் கத்தின்னா அப்பா பெரிய எக்ஸ்பர்ட் தாத்தா. வீடு நெறையச் சேத்து வச்சிருக்காங்க." பின்னால் சோபாவில் சாய்ந்திருந்த உன் சின்ன மாமனார், "சேக்காம என்னலே செய்வாங்க? அது ரத்தத்துலயே வாரதுலா!" என்றார். ஹால் சிரித்தது. நான் எல்லாரையும் பார்க்கவில்லை, உன்னை மட்டும் பார்த்தேன். முதலில் உன் உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் இருந்தவன் உன் தோளில் தட்டியதும் நீயும் வாய்விட்டுச் சிரித்தாய். அப்போதுதான் பெரியவர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கத்தியை என் கையில் கொடுத்தார். "எங்க தாத்தா காலத்துல, முதல் யுத்தத்துக்கு முந்தி, முத்துக் குளிக்கிற சலாபம் பாக்க வந்த ஜெர்மன் கேப்டன் குடுத்தது. சரிதானான்னு பாத்துச் சொல்லும்."

நான் பயந்த முகத்தோடு நெடுநேரம் கத்தியைத் திருப்பிக்கொண்டிருந்தேன் என்று பிறகு காரில் உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாய். பயந்தது உண்மை. நேரம் எடுத்ததற்குக் காரணம் பயம் அல்ல. சுங்க அலுவலகத்தில் என் வேலை, வந்த சரக்கைப் பிரித்து, இது எங்கே செய்தது, காகிதத்தில் சொல்லியிருப்பது பொருளோடு பொருந்துகிறதா என்று மதிப்பிடுவது. ஆட்களோடு வாதாட எனக்குத் தைரியம் கிடையாது. பொருள்களோடு இருந்தால் நிம்மதி. பழைய சவரக் கத்திகள் அப்படித்தான் என் கைக்கு வந்தன. கப்பலில் கழித்துப்போட்ட சாமான் விற்கும் கடைகளில், சலூனை மூடிவிட்டவர்களின் வீடுகளில், நாசரேத்தில் ஒரு போதகரின் பெட்டியிலிருந்துகூட. ஆரம்பத்தில் ஏமாந்திருக்கிறேன். தந்தப் பிடி என்று நம்பி ஒன்றை வாங்கி வந்து, சோதிப்பதற்காக ஊசியைக் காய்ச்சி வைத்தேன். தந்தத்தில் ஊசி இறங்காது. இதில் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, யானை உருகுதா?" என்று கேட்டாள். அதிலிருந்து நான் எந்தக் கத்தியையும் ஒரே முறைப்படிதான் பார்க்கிறேன். அவசரப்பட்டு ஒரு படியைக்கூடத் தாண்டுவதில்லை.

முதலில் அலகு. மிகப் பழைய கத்திகளின் அலகு, முதுகிலிருந்து வாய் வரைக்கும் கோடரியைச் சீவி எடுத்தது போல் கெட்டியாக இருக்கும். பிற்காலத்து ஜெர்மன் பட்டறைகள் இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்து, வாய்ப்பக்கத்தைத் தாள் போல் மெல்லிசாக்கிவிட்டார்கள். நகத்தால் சுண்டினால் ஒலிக்கும். அன்று நான் சுண்டியபோது சின்ன மணி மாதிரிச் சத்தம் கேட்டதே, அதற்காகத்தான். அப்புறம் கழுத்து. அலகுக்கும் பின்னால் வளைந்திருக்கும் வாலுக்கும் நடுவே உள்ள தட்டையான இடம் அது. பட்டறையின் பெயரையும் ஊரையும் அங்கேதான் அடிப்பார்கள். இதில் பட்டறையின் பெயர் தேய்ந்துபோயிருந்தது. சோலிங்கன் என்ற ஊர்ப்பெயர் பாதி தெரிந்தது. கீழே ஆங்கிலத்தில் ஜெர்மனி என்று இருந்தது. ஜெர்மன்காரன் தன் ஊரில் விற்கும் கத்தியில் அதை எழுத மாட்டான். வெளிநாட்டுச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் சட்டம் போட்ட பிறகு, ஏற்றுமதிக் கத்திகளில் அது வழக்கமானது. இரண்டாம் யுத்தத்துக்குப் பின் நாடு இரண்டாகிவிட்டதால் பல சரக்குகளில் மேற்கு ஜெர்மனி என்று வரும். இதில் அப்படி இல்லை. கடைசியாகப் பிடி. கறுப்பாக, கொம்பு போலத் தெரிந்தது. பெருவிரலால் சூடு வரத் தேய்த்து மோந்தேன். சூடம் மணத்தது. அப்படியானால் அது சூடம் சேர்த்துச் செய்கிற செல்லுலாய்டு. பிளாஸ்டிக் பரவுவதற்கு முன்னால் இருந்த சரக்கு. எழுத்தின் வடிவையும் வாலின் நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு யுத்தத்துக்கும் நடுவே என்று தோன்றியது. கடைசியில் சொன்னது ஊகம்தான். ஊகத்தை நான் உறுதி என்று சொல்வதில்லை.

"ஜெர்மனிதான். ரெண்டு யுத்தத்துக்கும் நடுவுல இருக்கலாம்" என்றேன். உன் சின்ன மாமனார் விடவில்லை. "முதல் யுத்தத்துக்கு முந்தின்னு தாத்தா சொல்லுதாங்களே, அப்ப தாத்தா பொய் சொல்லுதாங்களா?" நான் உடனே, "அப்படியும் இருக்கலாம்" என்றேன். நீ பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். நல்லவேளை, அப்பா காரியத்தைக் கெடுக்கவில்லை என்ற பெருமூச்சு.

நான் அங்கே சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். வருடம் பெரியவரின் கதையை அடித்துப்போடவில்லை. முன்னே பின்னே ஆகலாம். தேய்மானம்தான் கதையை அடித்தது. புதுக் கத்தியின் அலகு ஏறக்குறைய கட்டைவிரல் நகத்தின் அகலம் இருக்கும். இது பென்சில் அகலத்துக்குக் குறுகிப்போயிருந்தது. கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்து படியும் என்பதால் முதுகிலும் பட்டையாகத் தேய்ந்திருந்தது. பரிசாக வந்து பெட்டியில் இருந்த கத்தி இப்படித் தேயாது. ஒரு முதலாளி தன் ஒரு முகத்தை ஆயுள் முழுக்க வழித்தாலும் இவ்வளவு தேய்க்க முடியாது. இது தினமும் பல முகம் பார்த்த கத்தி, தொழில்காரனுடைய கத்தி. இன்னொன்று, தீட்டும்போது கைப்பிடிக்கு அருகே அழுத்தம் கூடுவதால் வலக்கைக்காரர்களின் கத்தியில் அலகின் ஒரு பக்கம் சற்று அதிகமாகத் தேய்ந்திருக்கும். இதில் எதிர்ப்பக்கம் தேய்ந்திருந்தது. இடக்கைக்காரனிடம் இருந்திருக்க வேண்டும். இதை மட்டும் வைத்து நான் எதையும் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். என் அப்பா இடக்கை. உனக்கும் இடக்கை, அது எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதில்லை.

பிடியின் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே, கடைசி ஆணியில், ஆப்பு மாதிரி ஒரு சிறு துண்டு வைத்திருப்பார்கள். பட்டறையிலிருந்து வரும்போது அது ஈயமாகவோ எலும்பாகவோ இருக்கும். இந்தக் கத்தியில் அது சங்கு. லேசாக ரோஜா நிறம் ஓடும் வெள்ளைச் சங்கு. சோலிங்கனில் யாரும் கத்திக்குச் சங்கு வைத்தது கிடையாது. என் அப்பா, கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தோணியில் போய் மாலுமிகளுக்குச் சவரம் செய்துவந்தவர். ஒரு கப்பலின் சமையல்காரனுக்கு உடன்குடிக் கருப்பட்டியை ஓலைப்பெட்டி நிறையக் கொடுத்து இந்தக் கத்தியை வாங்கினார். அது அப்போதே பழைய கத்திதான். ஒருநாள் தோணியில் கை தவறி விழுந்து ஈயத் துண்டு தெறித்துக் கடலுக்குள் போய்விட்டது. சங்கு அறுப்பவர் ஒருவரிடம் சில்லு ஒன்றைக் கேட்டு வாங்கி, அரத்தால் ராவி அவரே பொருத்தினார். ராவும்போது அரம் வழுக்கி ஓரத்தில் குறுக்காக ஒரு கீறல் விழுந்தது. பள்ளிக்கூடம் போகும் முன் அந்தக் கீறலை நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அன்று உன் மாமனார் வீட்டு ஹாலில், எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் பெருவிரல் அந்த இடத்துக்குப் போனது. கீறல் இருந்தது.

இத்தனை வருடம் நான் ஏன் கத்தி சேர்த்தேன் என்று நீ கேட்டால் ரசனை என்று சொல்லியிருப்பேன். எந்தக் கத்தி கிடைத்தாலும் நான் முதலில் பார்த்தது கழுத்தை அல்ல, அந்தக் கடைசி ஆணியைத்தான்.

காபி கொடுக்கும் சந்தடியில் பெரியவர் என்னை விரலால் அழைத்தார். "இங்கன வாரும்." நான் குனிந்தேன். "கண்டுக்கிட்டீரோ?" என்றார். "ஒம்ம அய்யா கத்திதாம்வே. மகன் வந்து வாங்கிக்கிடட்டும்னு எங்கப்பா எடுத்து வச்சாங்க. நான் அப்ப பக்கத்துலதான் நின்னேன். வாரதுக்கு இவ்வளவு காலமா ஆக்குவீரு?" என்று சொல்லிவிட்டு, என் முழங்கையைச் செல்லமாகத் தட்டினார். "கல்யாணத்துக்கு முந்தின நாளு நீரே மாப்பிள்ளைக்கு வழிச்சு விடும். வழிச்சிட்டுக் கத்திய எடுத்துக்கிடும். கணக்கு நேராயிரும்லா." நான் "சரிங்க" என்றேன். செல்வின், அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே சொன்னேன். அந்த வார்த்தை எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. என் அப்பாவின் குரலில் வந்தது.

மகன் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்பதன் பொருள் உனக்குத் தெரியாது. என் அப்பா பண்டகசாலை வீட்டின் நாவிதர். அப்போதைய முதலாளிக்கு, அதாவது பெரியவரின் அப்பாவுக்கு, காலையில் வழிப்பது, வீட்டில் பிறப்பு இறப்பு எது நடந்தாலும் போய் நிற்பது எல்லாம் அவர் வேலை. மிஷன் ஆசிரியர் ஒருவர் சிபாரிசு செய்து நாசரேத்தில் விடுதியோடு எனக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தார். நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் சேதி முதலாளி காதுக்கு எட்டியது. பாதி முகம் வழித்திருக்கும்போது அவர் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாராம். "ஒம்மவன் படிக்கப் போயிட்டா எம் பேரனுக்கு எவம்லே வழிப்பான்?" "நான் இருக்கம்லா மொதலாளி." "நீ செத்த பொறவு?" முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மீதி முகத்தை வழிக்கச் சொல்லி, முடித்ததும், "கத்திய இங்கன குடு" என்று வாங்கி மடக்கி உள்ளே கொடுத்தனுப்பிவிட்டார். "ஒம்மவன் வந்து வாங்கிக்கிடட்டும். அதுவரைக்கும் இங்க கெடக்கட்டும்." என்னைப் பிணையாகப் பிடிக்க முடியவில்லை, கத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தொழிலுக்குத் திரும்பி வந்து முற்றத்தில் நின்று கேட்டால் கொடுப்பார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது அப்பாவின் அடைப்பத்தில், அதுதான் அவர் கத்தியும் கல்லும் கிண்ணமும் வைத்திருக்கும் தோல்பை, வேறு கத்தி இருந்தது. கொல்லன் அடித்துக் கொடுத்த முரட்டுக் கத்தி. அது தோலைக் கிழித்தது. பண்டகசாலை வீடு வேறு ஆளை வைத்துக்கொண்டது. அதைப் பார்த்து மற்ற வீடுகளும் விட்டுவிட்டன. துறைமுகச் சாலையில் ஒரு பெட்டியையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழித்தார். "என்னவே, மாட்டுக்குக் கொம்பு சீவுத கத்தியா?" என்று அவர்கள் கேட்பார்கள். அவரும் சிரிப்பார். என்னிடம் இந்தக் கதையை ஒரே ஒருமுறை, பஸ் ஏற்றிவிட வந்தபோது, பிறத்தியார் கதை போலச் சொன்னார். "அதுல ஒண்ணுமில்ல. நீ படி" என்றார். நான் படித்தேன். அவர் சாகும்வரை அந்தக் கத்தியைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் திரும்பிப் போய் நிற்கவில்லை. நான் போகாததுதான் அவர் வாழ்க்கையில் கிடைத்த ஒரே வெற்றி என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். நீ என்னைக் காரில் ஏற்றி, பட்டு வேட்டி கட்டவைத்து, அந்த முற்றத்துக்கே கூட்டிப்போய் விட்டாய்.

உனக்குத் தெரியாது என்று சொல்வாய். உண்மை. அது அதே வீடு என்று தெரிந்தும் நான்தான் சொல்லாமல் இருந்தேன். தெரியாமல் செய்ததற்கு உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். சிரிக்காமல் இருப்பதற்கு இது எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன். பெண்கள் உள்ளறையில் இருந்ததால் ஹாலில் நடந்தது அவளுக்குத் தெரியாது. ரத்தத்திலே வருவது என்று சொன்னது வரைக்கும் கேட்டுவிட்டு, "அவன் சிரிச்சானா?" என்றாள். "எல்லாரும் சிரிச்சாங்க" என்றேன். "நான் எல்லாரையுமா கேட்டேன்? நீங்க பெத்தவன் சிரிச்சானா?" நான் ஆமாம் என்றேன். அவள் கழற்றிக்கொண்டிருந்த வளையலை அப்படியே திரும்ப மாட்டிக்கொண்டாள். பிறகு, "ஒங்களுக்கும் வாயில பல்லு இருக்குல்லா? அத எதுக்கு வச்சிருக்கீக, பாக்கு மெல்லவா?" என்றாள்.

இன்னொருத்தியும் என்னிடம் பேசினாள். ஷர்மிளா. சவரச் சேதி அவள் காதுக்கு வந்த அன்றே கூப்பிட்டாள். "மாமா, உங்களுக்குப் பிடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, நான் தாத்தாட்ட சண்ட போடுதேன்" என்றாள். இதை உன்னிடமும் கேட்டாளாம். "எங்கப்பாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் தோணாது" என்று நீ சொன்னாயாம். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது சரிதானா என்று உறுதி செய்துகொள்ளக் கேட்டாள். நான் சரிதான் என்றேன். கல்யாணம் பண்ணப்போகிற மகனுக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாமே, என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: அவளுக்கு என்ன தோன்றும் என்று நீயாக முடிவு செய்யாதே, கேள். முத்திரையைப் பார்த்து நல்ல நாட்டுச் சரக்கு என்று திருப்திப்பட்டு மூடிவைக்கிறவன் நீ. எங்கே தேய்ந்திருக்கிறது என்று நீ பார்ப்பதில்லை. என்னோடு முப்பத்தைந்து வருடம் இருந்தும் பார்க்கவில்லை. அவள் இன்னும் புதுக் கத்தி, தேய்க்கப்போகிறவன் நீதான்.

இனிப் பதில். போன வாரம் பண்டகசாலை வீட்டு டிரைவர் வந்தார். "பெரிய மொதலாளி குடுத்துவிட்டாங்க அண்ணாச்சி. தீட்டி வைக்கச் சொன்னாங்க" என்று ஒரு பட்டுத் துணிச் சுருளைக் கொடுத்துவிட்டுப் போனார். கத்தி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. விரிசல் ஏதும் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன், இல்லை. அப்பாவின் கல்லை எடுத்துத் தண்ணீர் விட்டு, முதுகும் வாயும் ஒன்றாகப் படிய, வேகம் காட்டாமல் தீட்டினேன். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. வேலை செய்யாமல் கத்திகளை மட்டும் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டவன் நான். தோல்வாரில் இழுத்து, என் முகத்திலேயே வழித்துப் பழகினேன். முதல் நாள் காதோரம் வெட்டியது. உன் அம்மா பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, "ரத்தத்துல வாரதுன்னு சொன்னாங்களே, ரத்தந்தான் வருது" என்றாள். நேற்று வெட்டவில்லை. தாடைக்கு அடியில், தொண்டைச் சங்குக்குக் கீழே, எல்லா இடத்திலும் சுத்தமாக வந்தது. காபி டம்ளரைப் பிடித்தால் நடுங்குகிற கை கத்தியைப் பிடித்தால் நடுங்கவில்லை. இது எனக்கே பயமாக இருக்கிறது.

ஆகவே வருகிறேன். நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வழிப்பேன். போட்டோவுக்கு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்க மாட்டேன். அது வேலை இல்லை, வேடிக்கை. என் அப்பா மாப்பிள்ளைகளுக்கு வழித்தது போல இரண்டு சுற்று, முழு முகமும் கழுத்தும். முடிந்ததும் அந்த வீட்டு வழக்கப்படி நாவிதருக்குத் தட்டு கொடுப்பார்கள். பச்சரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி. அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். கத்தியைத் துடைத்து அப்பாவின் அடைப்பத்தில் வைத்துக்கொள்வேன். மகன் வந்து வாங்கிக்கொண்டாயிற்று. வழித்தவர் முன்வாசல் வழியாகப் போவது அங்கே வழக்கம் இல்லை, நானும் பக்கவாசல் வழியாகப் போவேன். மறுநாள் மேடையில் வழித்தவர் உட்காருவதும் அங்கே வழக்கம் இல்லை. நானும் உட்கார மாட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என்று போட்ட நாற்காலியை எடுத்துவிடச் சொல், காலியாக இருந்தால் போட்டோவில் அசிங்கமாகத் தெரியும். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், அவர் நேற்றே தட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொல். அது பொய் அல்ல. உன் அம்மா வருவாள். "பெத்ததுக்குக் கூலியா ஒரு சேலை எடுத்திருக்கான், அதக் கட்டிக்கிட்டு நின்னுட்டு வந்திருதேன்" என்று சொல்கிறாள்.

அன்று வேறொரு நாவிதர் நாற்காலிப் பக்கத்தில் நின்றால், அவருக்குக் கத்தியைக் கொடுத்துவிட்டு நான் உன் அப்பாவாக முன்வாசல் வழியாக உள்ளே வந்து உட்காருவேன். எதைச் செய்ய வேண்டும் என்று உன்னிடம் கேட்டுக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. முற்றத்துக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். பெரியவரிடம் மறுத்துப் பேச உனக்கும் தைரியம் இருக்காது என்பதே என் ஊகம். ஊகத்தை நான் உறுதி என்று சொல்வதில்லை.

உட்காருவது என்று ஆனால் சிலவற்றை நினைவில் வைத்துக்கொள். முந்தின இரண்டு நாள் வழிக்காமல் விடு. மயிர் கொஞ்சம் வளர்ந்திருந்தால்தான் கத்தி பிடிக்கும். நாற்காலியில் சாய்ந்து தலையை நன்றாகப் பின்னுக்குப் போட்டு, தொண்டையை நிமிர்த்தி வை. கண்ணை மூடிக்கொள்ளலாம். நான் கழுத்துக்கு வரும்போது எச்சில் விழுங்காதே. உன் சின்ன மாமனார் பக்கத்தில்தான் நிற்பார், அன்று போலவே ஏதாவது சொல்வார், முற்றம் முழுக்கச் சிரிக்கும். நீ மட்டும் சிரித்துவிடாதே, செல்வின். சிரித்தால் தொண்டைத் தோல் இழுபடும். அது இழுபடும்போது கையை நிறுத்தும் பழக்கம் தொழில்காரருக்குத்தான் உண்டு. நான் படித்தவன்; எனக்கு அது தெரியாது.